வடசென்னை, வெள்ளம், வெயில், மாநகராட்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களில் குடியிருப்போர் கூட்டங்களிலும் பகுதி சபைகளிலும் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் சந்தேகங்களின் தொகுப்பு இது. கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறோம்.

மழை எல்லாருக்கும் ஒண்ணாதானே பெய்யுது? இதுல காலநிலை நீதின்னா என்ன?

மழை ஒன்றுதான், இழப்பு ஒன்றல்ல. மூன்றாவது மாடியில் இருப்பவருக்கு ஒரு நாள் லீவு. வியாசர்பாடியில் தரைத்தள ஒற்றை அறையில் இருப்பவருக்கோ ரேஷன் அரிசி, மெத்தை, பிள்ளையின் புத்தகம், ஒரு வாரக் கூலி எல்லாம் போய்விடும். பூமி சூடாவதற்கு மிகக் குறைவாகக் காரணமானவர்கள்தான் முதலில் அடிபடுகிறார்கள். அந்த ஏற்றத்தாழ்வைப் பார்த்து, அதிகம் அடிபடுகிறவர்களுக்கு முதலில் பாதுகாப்பு செய்வதைத்தான் காலநிலை நீதி என்கிறோம்.

வடசென்னைக்கு இதில் பழைய கணக்கு ஒன்றும் பாக்கி இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் சென்னைத் துறைமுகம் கட்டியபோது, தெற்கிலிருந்து வடக்கே நகரும் கடல்மணல் துறைமுகச் சுவரில் தடுக்கப்பட்டது. தெற்கே மெரினா அகலமானது. வடக்கே காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் கரையைக் கடல் தின்றது. ஊருக்கே மின்சாரம் தரும் அனல்மின் நிலையங்கள், பெட்ரோலிய ஆலைகள், பாதி நகரத்தின் குப்பை கொட்டும் கொடுங்கையூர் கிடங்கு எல்லாம் இந்தப் பக்கம்தான். எந்தத் தெருவுக்கு முதலில் வடிகால், எந்தப் பள்ளிக்கு முதலில் நிழல் என்று மாநகராட்சி போடும் வரிசையைப் பார்த்தாலே இங்கே நீதி நடக்கிறதா என்று தெரிந்துவிடும்.

உலகமே சூடாவுது. அதுக்கு கார்ப்பரேஷன் என்ன பண்ண முடியும்?

சூட்டைக் குறைப்பதில் அதன் பங்கு சிறியது. அந்தச் சூடும் வெள்ளமும் யாரை எவ்வளவு தாக்கும் என்பதில் அதன் பங்கு மிகப் பெரியது. 1992-இல் நிறைவேறிய 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், 12-ஆவது அட்டவணையில் 18 பணிகளை நகர உள்ளாட்சிகளுக்கு உரியவையாகச் சொல்கிறது. அத்தனையும் கைக்கு வந்து சேரவில்லை. ஆனால் மழைநீர் வடிகால், உள்சாலை, குப்பை, பூங்கா, நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம், மாநகராட்சிப் பள்ளி, அம்மா உணவகம், நிவாரண மையம் இவை எல்லாம் மாநகராட்சி கையில்தான் இருக்கின்றன.

2023 ஜூனில் மாநகராட்சி வெளியிட்ட சென்னைக் காலநிலைச் செயல்திட்டம், 2050-க்குள் நகரத்தின் கரிம உமிழ்வை நிகரப் பூஜ்ஜியமாக்க வேண்டும், அதாவது வெளியே விடும் கரிமமும் திரும்ப உறிஞ்சப்படும் கரிமமும் சமமாக வேண்டும் என்கிறது. வெள்ளத்தாலும் வெப்பத்தாலும் எளிதில் பாதிக்கப்படும் மக்களைப் பற்றியும் பேசுகிறது. மனு எழுதும்போது இந்தத் திட்டத்தின் பெயரைக் குறிப்பிடுங்கள். அவர்களே ஒப்புக்கொண்டதைக் கேட்பது, புதிதாகக் கேட்பதைவிடச் சுலபம்.

எங்க போனாலும் "இது எங்க வேலை இல்ல"ன்றாங்க. யாருகிட்டதான் போறது?

தெருவோர மழைநீர் வடிகால், உள்சாலை, குப்பை, கொசு என்றால் மாநகராட்சி: 1913. குழாய்த் தண்ணீர், பாதாளச் சாக்கடை என்றால் சென்னைக் குடிநீர் வாரியம்: 1916 அல்லது 044-4567 4567. மின்கம்பி, தண்ணீரில் மூழ்கிய மின்பெட்டி என்றால் மின்வாரியம்: 94987 94987. ஓட்டேரி நல்லா, கேப்டன் காட்டன் கால்வாய், பக்கிங்காம் கால்வாய், கொசஸ்தலை ஆறு, புழல் ஏரி ஆகியவை நீர்வளத் துறையிடம். ஆலைப் புகையும் எண்ணெய்க் கசிவும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். ஹவுசிங் போர்டு பிளாக் என்று நாம் சொல்லும் பல குடியிருப்புகள் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்துடையவை. வெள்ள நிவாரணப் பணம் தாசில்தார் அலுவலகம், அதாவது வருவாய்த் துறை. உயிர் ஆபத்து என்றால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070.

அதிகம் குழப்பம் வருவது சாக்கடைக்கும் மழைநீர் வடிகாலுக்கும் இடையில்தான். தெரு நடுவே வட்ட மூடி இருந்தால் பெரும்பாலும் குடிநீர் வாரியத்தின் மேன்ஹோல். ஓரத்தில் சதுரமாகவோ நீளமாகவோ மூடி இருந்தால் மாநகராட்சியின் வடிகால். இரண்டும் கலந்து பொங்கினால் ஒரே மனுவை இரண்டு அலுவலகத்துக்கும் முகவரியிட்டு, "கூட்டு ஆய்வு செய்ய வேண்டும்" என்று எழுதுங்கள். இரண்டு உதவிப் பொறியாளர்களும் ஒரே நாளில் அந்த மூடியின் பக்கத்தில் நின்றால்தான் பந்தைத் தள்ளிவிடுவது நிற்கும்.

புகார் குடுத்தா "சரி செய்யப்பட்டது"ன்னு மெசேஜ் வருது. வேலை ஒண்ணும் நடக்கல. என்ன பண்ணலாம்?

புகார் எண்ணை அழிக்காதீர்கள். அதே இடத்தைத் தேதி தெரியும்படி படம் எடுத்து, பழைய எண்ணைக் குறிப்பிட்டு மறுபடி பதிவு செய்யுங்கள். தெருவில் ஐந்து வீடு தனித்தனியாகப் பதிந்தால் ஐந்து எண் கிடைக்கும். அவை அத்தனையையும் ஒரே தாளில் எழுதி மண்டல அலுவலரிடம் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை இல்லாத மனு, கொடுக்காத மனுவுக்குச் சமம்.

குடிநீர் வாரியத்துக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை காலை 10 மணி முதல் பகல் 1 மணி வரை பகுதி அலுவலகங்களில் குறைகேட்புக் கூட்டம் நடக்கும்.

எங்க தெருவுல புதுசா கால்வா கட்டியாச்சு. அப்புறமும் முட்டியளவு தண்ணி நிக்குதே, ஏன்?

கொசஸ்தலை வடிநிலத்தில் ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் சுமார் 3,220 கோடி ரூபாய்க்கு 769 கிலோமீட்டர் வடிகால் திட்டம் எடுக்கப்பட்டது. திருவொற்றியூர், மணலி, மாதவரம், அம்பத்தூர் பகுதிகள் அதில் வருகின்றன. இவ்வளவு கட்டியும் நீர் நிற்பதற்கு ஐந்து காரணங்களில் ஒன்றோ பலவோ இருக்கும். முதலாவது, இணைப்பு விட்டுப்போவது. நடுவில் ஒரு மின்கம்பமோ, கேபிளோ, தகராறோ வந்து பத்து மீட்டர் கட்டாமல் விட்டிருப்பார்கள். அந்தப் பத்து மீட்டரில் மொத்தத் தெருவின் தண்ணீரும் நின்றுவிடும். இரண்டாவது, வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவு, தவறுவது. மூன்றாவது, சாலை நீர் உள்ளே போகும் துளை சாலையைவிட உயரமாக இருப்பது அல்லது பிளாஸ்டிக் அடைப்பது. நான்காவது, வீட்டுக் கழிவுநீரை வடிகாலில் இணைத்திருப்பது. மே மாதத்தில் மூடியைத் திறந்தால் உள்ளே கறுப்புத் தண்ணீர் நிற்கிறதா? அப்படியென்றால் மழைக்கு முன்பே பாதி வடிகால் நிரம்பிவிட்டது.

ஐந்தாவது காரணம்தான் வடசென்னைக்கே உரியது: கடல். இங்கே பல தெருக்கள் கடல்மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரத்தில்தான் இருக்கின்றன. கடல் ஏறும் நேரத்தில் பக்கிங்காம் கால்வாயின் மட்டம், அதில் வந்து விழும் வடிகாலின் வாயைவிட உயர்ந்துவிடும். தண்ணீர் வெளியே போகாமல் உள்ளே வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் இன்னும் அதிகம். புயல் காற்று கரையை நோக்கி அடித்தால் கேட்கவே வேண்டாம். எண்ணூர் முகத்துவாரத்தில் மணல் மேடிட்டிருந்தால் இறங்கும் நேரத்திலும் வடியாது. முகத்துவாரத்தைத் தூர்வாருங்கள் என்று மீனவர்கள் விடாமல் கேட்பது மீனுக்காக மட்டுமல்ல, மணலி வரைக்கும் வடிவதற்காகவும்தான். வடிகால் கால்வாயில் விழும் வாயில் ஒருவழிக் கதவு இருக்கிறதா, அது திறந்து மூடுகிறதா என்று பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மோட்டார் வைத்துக் கால்வாயில் தள்ளுவது, கால்வாயில் இடம் இருக்கும் வரைதான் பலன் தரும்.

வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்கும். தூர்வாரும் வேலை செப்டம்பருக்குள் முடிய வேண்டும். எடுத்த வண்டலை மூடிக்குப் பக்கத்திலேயே குவித்துவிட்டுப் போனால் முதல் மழையிலேயே அது திரும்ப உள்ளே போய்விடும். அன்றே லாரியில் ஏற்றச் சொல்லுங்கள். யாரையும் உள்ளே இறங்கவிடாதீர்கள், நீங்களும் இறங்காதீர்கள். கழிவுநீர் கலந்த வடிகாலில் விஷவாயு இருக்கும். சாக்கடைக்குள் ஆளைத் தக்க பாதுகாப்பின்றி இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

ரோடு மேல ரோடு போட்டு எங்க வீடே பள்ளத்துல போயிடுச்சு. இதுக்கு என்ன வழி?

பழைய தாரைச் சுரண்டாமல் ஒவ்வொரு முறையும் நான்கைந்து சென்டிமீட்டர் ஏற்றினால், நான்கு முறையில் அரை அடிக்கு மேல் ஏறிவிடும். வசதியுள்ளவர் வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்குகிறார். மற்றவர் வாசலில் சிமென்ட் வரப்பு கட்டிக்கொண்டு உட்காருகிறார். பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டே புதிய தளம் போட வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு அரசு உத்தரவிட்டது.

வேலை தொடங்குமுன் வாசற்படிக்கும் சாலைக்கும் உள்ள உயரத்தை டேப் வைத்து அளந்து படம் எடுங்கள். எத்தனை மில்லிமீட்டர் புதிதாகப் போடப்போகிறார்கள் என்று உதவிப் பொறியாளரிடம் கேளுங்கள். அத்தனை மில்லிமீட்டர் சுரண்டியிருக்க வேண்டும். தார் கொட்டிய பிறகு கேட்டுப் பயனில்லை. சுரண்டும் இயந்திரம் வரும் அன்று தெருவில் நான்கு பேர் நிற்பதுதான் முக்கியம்.

மழை நின்ன பிறகு மணலி புதுநகர் பக்கம் தண்ணி ஏறுதே, அது எப்படி?

புழல் ஏரியின் உபரிநீர் வடகரை, கிராண்ட்லைன், வடபெரும்பாக்கம், கொசப்பூர், மணலி, சடையன்குப்பம் வழியாக எண்ணூர் நோக்கி ஓடுகிறது. பூண்டி ஏரியில் திறக்கும் நீர் கொசஸ்தலை ஆற்றில் வருகிறது. இரண்டும் சடையன்குப்பம் பக்கம் கூடுகின்றன. அதே நேரம் கடலும் ஏறியிருந்தால், வந்த நீர் பக்கவாட்டில் விரியும். பூண்டி நீர் வந்து சேர நேரமாகும் என்பதால்தான் வெயில் அடிக்கும்போதும் வெள்ளம் வருகிறது.

புழலின் முழு உயரம் 21.20 அடி, கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி. நிரம்பும் முன்பே திறப்பார்கள். ஆகவே செய்தியில் ஏரி மட்டத்தையும் எத்தனை கன அடி திறக்கிறார்கள் என்பதையும் சேர்த்துக் கவனியுங்கள். வானிலைத் துறையின் ஆரஞ்சு எச்சரிக்கை என்றால் ஒரு நாளில் சுமார் 12 முதல் 20 சென்டிமீட்டர் மழை, சிவப்பு என்றால் அதற்கும் மேல். ஆரஞ்சு வந்ததுமே ஆவணங்களைப் பிளாஸ்டிக் உறையில் கட்டி மேலே வையுங்கள். தண்ணீர் படியேறும் முன் மெயின் சுவிட்சை அணையுங்கள். கர்ப்பிணிகள், டயாலிசிஸ் செய்பவர்கள், படுத்த படுக்கையாக இருப்பவர்கள் பட்டியலை செப்டம்பரிலேயே ஆரம்ப சுகாதார நிலைய நர்சம்மாவிடம் கொடுத்து வைப்பது நல்லது. படகு வரும்போது யார் வீட்டுக்கு முதலில் போவது என்று அப்போது தேட வேண்டியிருக்காது.

தண்ணி வடிஞ்ச பிறகு சம்பு தண்ணிய குடிக்கலாமா?

கூடாது. முழுவதும் வெளியேற்றி, சேற்றைக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பிய பின் 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் கணக்கில் ஒரு வாளியில் கரைத்து, தெளிவை மட்டும் ஊற்றி அரை மணி நேரம் விடுங்கள். அதன் பிறகும் குடிக்கக் காய்ச்சியே எடுங்கள். பழைய பிளீச்சிங் பவுடரில் குளோரின் வாசனை இல்லையென்றால் அது வெறும் சுண்ணாம்பு.

ஏரியா சபான்னு ஒண்ணு இருக்காமே? போனா பிரயோஜனம் உண்டா?

உண்டு, எழுதிக்கொண்டு போனால். தமிழ்நாட்டில் முதல் பகுதி சபைக் கூட்டங்கள் 2022 நவம்பர் 1-ஆம் தேதி நடந்தன. சென்னையின் 200 வார்டுகளும் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, பகுதிக்கு ஒரு உறுப்பினர் நியமிக்கப்படுகிறார். அந்தப் பகுதியின் வாக்காளர்கள் எல்லோரும் சபையில் பேசலாம். உறுப்பினர்கள் சேர்ந்தது வார்டு குழு. அதற்குத் தலைவர் கவுன்சிலர்.

"எங்க ஏரியாவுல தண்ணி நிக்குது" என்று பேசினால் அது பேச்சோடு போய்விடும். எந்தத் தெரு, எந்தக் கதவு எண்ணிலிருந்து எந்தக் கதவு எண் வரை, எத்தனை மீட்டர், எந்தத் துறை, எந்த மாதத்துக்குள் என்று எழுதிக் கொடுங்கள். அது தீர்மானமாகப் பதிவாகிறதா என்று கூட்டம் கலையும் முன் பாருங்கள். அடுத்த கூட்டத்தில் முதல் கேள்வியாக அந்தத் தீர்மானத்தையே கேளுங்கள். பெண்கள் வந்தால் பட்டியலே மாறுகிறது: தெருவிளக்கு, கழிப்பறை, தண்ணீர் லாரி வரும் நேரம் எல்லாம் அப்போதுதான் மேலே வருகின்றன. கூலிக்குப் போகிறவர்கள் வரக்கூடிய நேரத்தில் கூட்டம் வைக்கச் சொல்வதும் ஒரு நியாயமான கோரிக்கை.

வெயிலுக்கு கார்ப்பரேஷன் என்ன செய்யும்? அது இயற்கைதானே?

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்துவிட்டது. வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் உண்டு. ஆனால் மருத்துவச் சான்றில் காரணம் வெப்பம் என்று வர வேண்டும். "மாரடைப்பு" என்று மட்டும் எழுதி முடித்தால் பணமும் வராது, கணக்கிலும் ஏறாது. வேலை செய்த இடம், நேரம், உடல் சூடு ஆகியவற்றை மருத்துவமனையிலேயே சொல்லிப் பதியச் செய்யுங்கள்.

மாநகராட்சியிடம் கேட்க வேண்டியவை சின்னச் சின்னவை: பகல் நேரத்தில் பூங்காவைப் பூட்டாதிருத்தல், மீன் சந்தையிலும் லோடு இறக்கும் இடத்திலும் நிழலும் குடிநீரும், பஸ் நிறுத்தத்துக்குக் கூரை, பள்ளிக் கூரைக்கு வெள்ளைப் பூச்சு. வீட்டுக் கூரைக்கும் வெள்ளைப் பூச்சு நல்லது. வெறும் சுண்ணாம்பு ஒரு மழைக்காலத்தில் கரையும். வெயிலைத் திருப்பும் பெயின்ட் இரண்டு கோட் நிற்கும். கூரை ஆஸ்பெஸ்டாஸ் என்றால் உலர்ந்த நிலையில் கம்பிப் பிரஷ் போட்டுத் தேய்க்கவே கூடாது, அந்தத் தூள் நுரையீரலைக் கெடுக்கும். நனைத்து, மென்மையாகக் கழுவிப் பூசுங்கள். ஷீட் மேல் நேராகக் கால் வைக்காமல் பலகை போட்டு ஏறுங்கள்.

வாடகைக்கு இருக்கோம். நிவாரணம் வீட்டுக்காரருக்குத்தானா?

இல்லை. பொருளை இழந்தவருக்குத்தான். 2022–26 காலத்துப் பேரிடர் நிதி விதிகளின்படி, வீடு இரண்டு நாளுக்கு மேல் மூழ்கியிருந்தால் துணிமணிக்கு 2,500, பாத்திரத்துக்கு 2,500. குடிசை சேதத்துக்கு 8,000. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்குப் பின் மாநில அரசு குடும்பத்துக்கு 6,000 ரூபாயை ரேஷன் கடை வழியாகக் கொடுத்தது. சிக்கல் வருவது முகவரியில்தான்: வியாசர்பாடியில் குடியிருப்பார், கார்டு திருவள்ளூரில் இருக்கும். மழைக்கு முன்பே முகவரியை மாற்றிவிடுங்கள். முடியாவிட்டால் கேஸ் ரசீது, வாடகைக் கடிதம், பிள்ளையின் பள்ளிச் சான்று ஏதாவது ஒன்று கையில் இருக்கட்டும்.

சுவரில் தண்ணீர் நின்ற கோட்டை டேப்போடு படம் எடுத்த பிறகே கழுவுங்கள். கெட்டுப்போன பொருளையும் படம் எடுக்காமல் குப்பையில் போடாதீர்கள்.

வெள்ளத்துல இருந்து காப்பாத்தறோம்னு ஆத்தோரத்துல இருக்கறவங்கள பெரும்பாக்கத்துக்கு அனுப்பறாங்க. இதுவும் காலநிலை நீதியா?

ஆபத்தான கரையில் யாரும் வாழக் கூடாது என்பது சரி. ஆனால் மீன் ஏலத்துக்கு விடியற்காலை மூன்று மணிக்குப் போகிறவரை 25 கிலோமீட்டருக்கு அப்பால் வைத்தால், உயிரைக் காப்பாற்றிப் பிழைப்பைப் பறித்ததாகும். அனுப்பும் இடமும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதி. அதே கரையில் இருக்கும் கம்பெனிச் சுவரும் கிடங்கும் நகராமல் குடிசை மட்டும் நகர்ந்தால், அதை வெள்ளத் தடுப்பு என்று ஏற்க முடியாது.

கேட்க வேண்டியது: கணக்கெடுப்புப் பட்டியலில் எல்லாக் குடும்பமும் இருக்கிறதா, ஒரே வீட்டில் இருக்கும் இரண்டு குடும்பமும் தனித்தனியாகப் பதிவானதா, பள்ளி ஆண்டின் நடுவில் வேண்டாம், அருகிலேயே மனை உண்டா. நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி அகற்றுமுன் நோட்டீஸ் தர வேண்டும். நோட்டீசை வாங்க மறுக்காதீர்கள். வாங்கி, தேதி எழுதி, கெடுவுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். இலவசச் சட்ட உதவிக்கு 15100.

கம்பெனி விட்ற எண்ணெய்க்கும் வாயுவுக்கும் கார்ப்பரேஷன் என்ன பண்ணும்?

2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் எண்ணூர் கழிமுகம் வரை பரவியது. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, பலர் மருத்துவமனைக்குப் போனார்கள். அனுமதி தருவதும் தண்டிப்பதும் மாநகராட்சியிடம் இல்லை. மூன்றாவது பதிலில் சொன்னபடி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம். ஆனால் எந்தத் தெரு எந்த வழியாக வெளியேறுவது, எந்தப் பள்ளியைத் திறப்பது, சைரன் யாருக்குக் கேட்கிறது, சுகாதார நிலையத்தில் ஆக்சிஜன் இருக்கிறதா என்பவை உள்ளாட்சி இல்லாமல் நடக்காது. ஆலைக்கு வெளியே இருக்கும் மக்களுக்கான அவசரத் திட்டம் மாவட்ட நிர்வாகத்திடம் இருக்க வேண்டும். அதைத் தமிழில், உங்கள் பகுதி சபையில் படித்துக் காட்டச் சொல்லுங்கள், ஒத்திகையும் கேளுங்கள்.

அமோனியா வாடை வந்தால் காற்று போகும் திசையிலேயே ஓடாதீர்கள்; காற்றுக்குக் குறுக்காக விலகுங்கள். ஈரத்துணியை மூக்கிலும் வாயிலும் கட்டுங்கள். கண் எரிந்தால் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருங்கள்.

கொடுங்கையூர்ல குப்பைய எரிச்சு கரண்ட் எடுத்தா நல்லதுதானே? ஏன் எதிர்க்கறாங்க?

நம் வீட்டுக் குப்பையில் பெரும்பங்கு ஈரம். ஈரக் குப்பை எரியாது. எரிய வைக்கப் பிளாஸ்டிக்கும் காகிதமும் வேண்டும். பிளாஸ்டிக்கை எரிப்பது பெட்ரோலியத்தை எரிப்பதே. உலை ஒன்று கட்டிவிட்டால் அதற்குத் தினமும் தீனி போட வேண்டியிருப்பதால், பிரிப்பதும் குறைப்பதும் சுணங்கும். சாம்பலையும் எங்காவது கொட்டியாக வேண்டும். முதல் பதிலில் சொன்ன சுமை ஏற்கெனவே இருக்கும் இடத்தில் இன்னொரு புகைபோக்கி வேண்டாம் என்று மக்கள் சொல்வது நியாயம் என்பதே எங்கள் கருத்து. பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்து நிலத்தை மீட்கும் பணி அங்கே நடக்கிறது. மீளும் நிலம் மரமும் நீர்நிலையுமாக வேண்டும் என்று இப்போதே தீர்மானம் போட்டு வைக்கலாம்.

எங்க தெருவுக்கு எவ்வளவு காசு ஒதுக்கினாங்க, வேலை ஒழுங்கா நடந்துச்சான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. பத்து ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்பு ஒட்டி, உங்கள் மண்டல அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். "ஏன் செய்யவில்லை" என்று கேட்டால் பதில் வராது, ஆவணத்தைக் கேளுங்கள். தெருவின் பெயரையும் ஆண்டையும் எழுதி, மதிப்பீடு, வேலை உத்தரவு, அளவுப் புத்தகத்தின் (முடித்த வேலையை அளந்து பதியும் புத்தகம்) பக்கங்கள், வாட்டம் காட்டும் வரைபடம் ஆகியவற்றின் நகல் கேளுங்கள். வேலை நடந்த இடத்தைப் பார்வையிடவும், சிமென்ட் கலவையின் மாதிரி எடுக்கவும் இதே சட்டத்தில் உரிமை உண்டு.

பதிலுக்கு 30 நாள். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அளவுப் புத்தகம் கைக்கு வந்ததும் நீளத்தை டேப் வைத்துத் தெருவில் அளந்து பாருங்கள். புத்தகத்தில் 120 மீட்டர், தெருவில் 110 மீட்டர் என்றால், வடிகால் பதிலில் சொன்ன அந்தக் கட்டாமல் விட்ட பத்து மீட்டர் எங்கே என்று தெரிந்துவிடும். அந்த இரண்டு எண்களையும் அடுத்த பகுதி சபையில் எழுத்தில் கொடுங்கள்.